நகைப்பெட்டியைத் தேடி வந்த கடிதம்

2016 மார்ச் மாதத்தில் லண்டன் மாநகரில் வாழும் இலங்கைத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு ஒரு கடிதம் தபாலில் வந்து சேர்ந்தது. அவ்வாண்டு மே 5 ஆம் திகதி நடைபெறவிருந்த லண்டன் மேயர் தேர்தலின் கன்சர்வேட்டிவ் கட்சி வேட்பாளர் ஸக் கோல்ட்ஸ்மித்தின் பெயரில் அனுப்பப்பட்ட கடிதம் அது. லண்டனுக்குத் தமிழ்ச் சமூகம் ஆற்றிய பங்களிப்பு மகத்தானது என்று அது பாராட்டியது. தமிழர்கள் தங்க நகைகளையும் பரம்பரை உடைமைகளையும் வீட்டில் வைத்திருப்பதால் திருடர்கள் அவர்களது வீடுகளைக் குறிவைக்கின்றனர் என்று கவலைப்பட்டது. எதிர்வேட்பாளரான தொழிற்கட்சியின் சாதிக் கான் அமைச்சராக இருந்த காலத்தில் இலங்கை பற்றியோ தமிழர்களின் பிரச்சினை பற்றியோ பாராளுமன்றத்தில் பேசவில்லை என்று குற்றஞ்சாட்டியது. அவரது கட்சி குடும்பத்தின் பரம்பரைச் சொத்துகளுக்கு வரி விதிக்கும் பாதையில் செல்கிறது என்றும் எச்சரித்தது.

அதே நாட்களில் இந்திய வம்சாவளி வாக்காளர்களின் வீடுகளுக்கு வேறொரு கடிதம் சென்றது. அதிலும் நகை வரி இருந்தது. கூடுதலாக இந்தியப் பிரதமர் நரேந்திர மோடியின் பெயரும் இருந்தது. 2015 நவம்பரில் வெம்பிளி விளையாட்டரங்கில் மோடிக்கு அளிக்கப்பட்ட வரவேற்பில் யார் கலந்துகொண்டார், யார் கலந்துகொள்ளவில்லை என்ற கணக்கும் எடுக்கப்பட்டிருந்தது. வாக்காளர் இடாப்பில் உள்ள பெயர்களைப் பார்த்து, இவர் தமிழர், இவர் குஜராத்தி, இவர் சீக்கியர் என்று ஊகித்து, ஒவ்வொருவருக்கும் அவரவர் அச்சத்துக்குப் பொருத்தமான தாளை உறையில் இட்டு அனுப்பும் உத்தி அது. தேர்தல் பிரசாரக் கம்பனிகளின் மொழியில் இதற்கு அழகான பெயர்கள் உண்டு. எமது ஊர்ப் பேச்சில் சொல்வதென்றால், ஆளுக்கு ஒரு கதை சொல்வது.

கொழும்பில் செய்திமேசையில் அமர்ந்து இந்தச் செய்திகளை வாசித்தபோது முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. லண்டன் மேயருக்கு நகைகளுக்கு வரி விதிக்கும் அதிகாரம் கிடையாது. 2000 ஆம் ஆண்டில் உருவாக்கப்பட்ட அந்தப் பதவிக்குப் போக்குவரத்து, பொலிஸ், தீயணைப்பு, வீடமைப்புத் திட்டங்கள் ஆகியவற்றில் அதிகாரம் உண்டு. உள்ளூராட்சி வரியில் ஒரு பங்கை அவர் நிர்ணயிக்கலாம். வருமான வரியோ செல்வ வரியோ விதிப்பது நிதியமைச்சரின் வேலை. ஆகவே தாலிக்கொடிக்கும் காப்புக்கும் ஆபத்து என்ற பேச்சுக்குச் சட்டரீதியான அடிப்படை எதுவும் இருக்கவில்லை. ஆனால் சற்று யோசித்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. கடிதத்தின் பொய்யைவிட, அது எவ்வாறு வந்து சேர்ந்தது என்பதே எனக்கு உறுத்தலாக இருந்தது.

வாக்காளர் இடாப்பிலிருந்து பெயரை வைத்துத் தமிழர் வீட்டைக் கண்டுபிடிப்பது என்றால் என்ன என்பதை எமது தலைமுறைக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. 1983 ஜூலையில் கொழும்பின் தெருக்களில் வன்முறைக் கும்பல்கள் வாக்காளர் இடாப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாக வந்தன என்பது பலராலும் பதிவுசெய்யப்பட்ட வரலாறு. அன்று தப்பியோடியவர்களில் கணிசமானோர் லண்டனில்தான் குடியேறினர். இரண்டையும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. ஒன்று உயிரைப் பறிக்க வந்தது. மற்றது வாக்கைக் கேட்டு வந்தது. பிரித்தானியாவில் அரசியல் கட்சிகள் வாக்காளர் இடாப்பைப் பெற்றுப் பயன்படுத்துவது முற்றிலும் சட்டபூர்வமானது. ஆயினும் 33 ஆண்டுகளின் பின்னர், அடைக்கலம் தந்த நகரத்தில், பெயரை வைத்து அடையாளங் காணப்பட்டு ஒரு தாள் வீட்டுக்கு வருகிறது என்றால் வயதானவர்களின் மனதில் அது எதைக் கிளறியிருக்கும் என்பதைப் பிரசார ஆலோசகர்கள் எண்ணிப் பார்த்திருக்கமாட்டார்கள்.

இந்தக் கடிதங்கள் யாருக்கு எதிராக எழுதப்பட்டனவோ, அந்த வேட்பாளரைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். சாதிக் கான் 1970 இல் தென்மேற்கு லண்டனின் ரூட்டிங் பகுதியில் பிறந்தவர். பெற்றோர் பாகிஸ்தானிலிருந்து குடிபெயர்ந்தவர்கள். அவர்களின் மூதாதையர் 1947 பிரிவினையின்போது இந்தியாவிலிருந்து பாகிஸ்தானுக்குச் சென்றவர்கள். தந்தையார் பஸ் சாரதி. தாயார் தையல் வேலை செய்து குடும்பத்துக்கு உதவியவர். எட்டுப் பிள்ளைகள் கொண்ட அக்குடும்பம் ஏர்ல்ஸ்ஃபீல்டில் உள்ளூராட்சி சபையின் தொடர்மாடிக் குடியிருப்பொன்றில் வாழ்ந்தது. சட்டம் பயின்று மனித உரிமைச் சட்டத்தரணியாகத் தொழில் செய்தார். 1994 முதல் வான்ட்ஸ்வர்த் நகரசபை உறுப்பினர். 2005 இல் ரூட்டிங் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினர். 2008 இல் கோர்டன் பிரவுனின் அரசாங்கத்தில் கனிஷ்ட அமைச்சராகவும், அடுத்த ஆண்டு போக்குவரத்துத் துறை இராஜாங்க அமைச்சராகவும் பதவி வகித்தார்.

ரூட்டிங் என்ற பெயர் லண்டனில் உறவினர் உள்ள எந்த யாழ்ப்பாணத்தவருக்கும் பழக்கமானது. தமிழ்க் கடைகளும், உணவகங்களும், சிவயோகம் முத்துமாரி அம்மன் ஆலயமும் உள்ள பகுதி. அதாவது, எந்த வேட்பாளரைப் பற்றித் தமிழர்களுக்கு எச்சரிக்கை செய்யப்பட்டதோ, அவர் தமிழர்கள் நிறைந்த ஒரு தொகுதியை அப்போது 11 ஆண்டுகளாகப் பிரதிநிதித்துவப்படுத்தி வந்தவர். கோல்ட்ஸ்மித்தும் சாதாரணமானவர் அல்ல. கோடீஸ்வர வர்த்தகர் சேர் ஜேம்ஸ் கோல்ட்ஸ்மித்தின் புதல்வர். சுற்றுச்சூழல் சஞ்சிகையொன்றின் ஆசிரியராக இருந்தவர். 2010 முதல் ரிச்மண்ட் பார்க் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினர். இம்ரான் கானை மணந்திருந்த ஜெமிமா அவரது சகோதரி. முஸ்லிம் மருமக்களைக் கொண்ட ஒருவரின் பெயரில் இப்படியொரு பிரசாரம் நடந்தது என்பது இந்தக் கதையின் விசித்திரங்களில் ஒன்று.

அமைச்சராக இருந்தபோது இலங்கை பற்றிப் பேசவில்லை என்ற குற்றச்சாட்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். இது அரைகுறை உண்மையின் வலிமையை நன்கு காட்டுகிறது. பிரித்தானியப் பாராளுமன்ற மரபில் ஒரு கனிஷ்ட அமைச்சர் தனது அமைச்சுக்குரிய விடயத்தையே சபையில் பேசுவார். சமூகங்களுக்கான அமைச்சிலோ போக்குவரத்து அமைச்சிலோ இருப்பவர் வெளிநாட்டு விவகாரத்தில் எழுந்து பேசுவதில்லை. இந்த மரபை அறிந்தவருக்கு அந்த வரி ஒன்றுமேயில்லை. ஆனால் 2009 ஏப்ரல் முதல் ஜூன் வரை 73 நாட்கள் பாராளுமன்றச் சதுக்கத்தில் வெயிலிலும் மழையிலும் நின்ற தமிழர் ஒருவர் அதை வாசித்தால் அவருக்கு நெஞ்சில் குத்தும். குத்தவேண்டும் என்பதற்காகவே எழுதப்பட்ட வரி அது.

ஆனால் தமிழர்களுக்கு வந்தது பிரசாரத்தின் சிறிய வாய்க்கால் மட்டுமே. பெரிய ஆறு வேறிடத்தில் ஓடியது. சாதிக் கான் ஒரு முஸ்லிம், தீவிரவாதிகளுடன் பழகியவர், அவரிடம் லண்டனை ஒப்படைக்கலாமா? இதுதான் அடிப்படைக் கேள்வி. கவனியுங்கள், அது எப்போதும் கேள்வியாகவே கேட்கப்பட்டது. அவர் தீவிரவாதி என்று யாரும் சொல்லவில்லை. தீவிரவாதிகளுக்கு மேடையும் மூச்சுக்காற்றும் கொடுத்தவர் என்றார்கள். 'ஈவ்னிங் ஸ்டாண்டர்ட்' பத்திரிகை அவ்வாண்டு பெப்ரவரியில் அவரது முன்னாள் மைத்துனர் ஒருவர் 1990 களில் தீவிரவாத இயக்கமொன்றின் கூட்டங்களில் கலந்துகொண்டதை முதற்பக்கத்தில் வெளியிட்டது. சகோதரியின் முன்னாள் கணவர் முன்னொரு காலத்தில் செய்த காரியம் எவ்வாறு ஒரு மேயர் வேட்பாளரின் தகுதியைத் தீர்மானிக்கும் என்று எந்த ஆசிரியபீடமும் கேட்கவேண்டும். ஆனால் தேர்தல் காலத்தில் ஆசிரியபீடங்கள் கேட்காமல் விடும் கேள்விகள் பல என்பதை இந்தத் தொழிலில் நீண்டகாலம் இருந்தவன் என்ற முறையில் நான் அறிவேன்.

எமது நாட்டிலும் தேர்தல் நெருங்கும்போது பத்திரிகை அலுவலகங்களுக்கு மொட்டைக் கடிதங்கள் வரத் தொடங்கும். வாக்களிப்புக்கு முதல்நாள் இரவு, மறுப்பு வெளியிட நேரமில்லாத வேளையில், அச்சகத்தின் பெயர் இல்லாத துண்டுப்பிரசுரங்கள் தெருக்களில் வீசப்படும். ஒரு வேட்பாளர் போட்டியிலிருந்து விலகிவிட்டார் என்பது வழமையான வதந்தி. இவற்றைப் பற்றிச் செய்தி எழுதுவதிலுள்ள சங்கடம், மறுப்பை வெளியிட்டாலும் வதந்தியைத்தான் இன்னொருமுறை வெளியிடுகிறோம் என்பது. வதந்தியைப் பரப்புபவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

1983 பெப்ரவரியில் லண்டனின் பேர்மண்ட்ஸி இடைத்தேர்தலில் தொழிற்கட்சி வேட்பாளராக நின்ற பீற்றர் டற்செல் இதற்குப் பலியானவர். அவர் ஓரினச் சேர்க்கையாளர் என்பதைச் சுற்றி மிகக் கேவலமான பிரசாரம் நடந்தது. அநாமதேயத் துண்டுப்பிரசுரங்கள் வந்தன. கட்சியின் ஆலோசனைப்படி அவர் அந்த விடயத்தில் பதிலளிக்காமல் மௌனம் காத்தார். தொழிற்கட்சியின் கோட்டையாக இருந்த அத்தொகுதியை லிபரல் கட்சியின் சைமன் ஹியூஸ் கைப்பற்றினார். ஹியூஸ் தாமும் ஆண்களுடன் உறவு கொண்டிருந்ததை 2006 இல் ஒப்புக்கொண்டு, 1983 பிரசாரத்துக்காக டற்செலிடம் மன்னிப்புக் கோரினார். வெற்றி பெற்று 23 ஆண்டுகள் பாராளுமன்றத்தில் இருந்த பின்னர்!

சாதிக் கான் அந்த மௌனத்தைத் தேர்ந்துகொள்ளவில்லை என்பதுதான் எனது அவதானிப்பு. அவர் முந்திக்கொண்டார். 2015 நவம்பரில் பாரிஸ் நகரில் பயங்கரவாதத் தாக்குதல்கள் நடைபெற்றுச் சில தினங்களிலேயே, பாராளுமன்றச் செய்தியாளர்களின் மதிய விருந்தொன்றில் அவர் தீவிரவாதம் பற்றி நீண்டதொரு உரை நிகழ்த்தினார். தீவிரவாதத்தை எதிர்ப்பதில் முஸ்லிம்களுக்கு ஒரு விசேட பங்கு உண்டு. அவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாகப் பொறுப்பாளிகள் என்பதால் அல்ல, அவர்களால் கூடுதல் பயனுள்ள விதத்தில் அதைச் செய்யமுடியும் என்பதால் என்று அவர் கூறினார். எதிராளி அந்தச் சொல்லை உச்சரிப்பதற்கு முன்னரே தான் அதை உச்சரித்துவிட்டார். தன்னை அறிமுகப்படுத்தும்போதெல்லாம் தான் லண்டன்வாசி, பிரித்தானியர், இஸ்லாமிய மதத்தவர், ஆசிய வம்சாவளி, பாகிஸ்தானியப் பாரம்பரியம், கணவன், தந்தை என்று வரிசையாகச் சொல்லுவார். முஸ்லிம் என்பது அதில் ஒன்று. முதலாவதும் அல்ல, கடைசியும் அல்ல.

அவர் பதிலளித்த விதத்தில் இன்னொரு அம்சமும் உண்டு. சட்டத்தரணியாக இருந்த காலத்தில் அவர் அமெரிக்காவின் லூயிஸ் ஃபரகான் போன்றவர்களுக்காகவும் வாதாடியவர். தீவிரக் கருத்துள்ளவர்களும் ஏறிய மேடைகளில் அவரும் ஏறியிருந்தார். இதை அவர் மறுக்கவில்லை. அவர்களின் கருத்துகளைத் தான் ஏற்றுக்கொள்வதாக ஒரு தோற்றம் ஏற்பட்டதற்காக வருந்துவதாகவும், அக்கருத்துகள் தனக்கு அருவருப்பானவை என்றும் தெரிவித்தார். 2009 இல் ஈரானியத் தொலைக்காட்சியொன்றுக்கு அளித்த பேட்டியில் மிதவாத முஸ்லிம் அமைப்புகளை இழிவுபடுத்தும் சொல்லொன்றைப் பயன்படுத்தியது வாக்களிப்புக்குச் சில தினங்களுக்கு முன்னர் வெளிவந்தபோது, உடனடியாக மன்னிப்புக் கேட்டார். குற்றச்சாட்டு பொய்யென்றால் மறுத்தார். உண்மையென்றால் ஒரு வரியில் ஒப்புக்கொண்டார். பின்னர் பஸ் கட்டணத்துக்கும் வீட்டு வாடகைக்கும் திரும்பிவிட்டார். பஸ் சாரதியின் மகன் என்பதை அவர் எத்தனை தடவை சொன்னார் என்பது லண்டன் செய்தியாளர்கள் மத்தியில் ஒரு பகிடியாகவே மாறியிருந்தது. சலிப்பூட்டும் உத்திதான். ஆனால் அவதூறுக்குப் பதிலளிக்கும் வேட்பாளருக்குச் சலிப்பு ஒரு கேடயம்.

ஏப்ரல் 20 ஆம் திகதி பிரதமர் டேவிட் கமரூன் இந்த விவகாரத்தைப் பாராளுமன்றத்துக்கே கொண்டுவந்தார். பிரதமரிடம் கேள்விகேட்கும் நேரத்தில், ரூட்டிங் பகுதி இமாம் சுலைமான் கனி என்பவரின் பெயரைச் சொல்லி, அவர் ஐ.எஸ். இயக்கத்தை ஆதரிப்பவர் என்றும், அவருடன் சாதிக் கான் ஒன்பது தடவைகள் மேடையேறியிருக்கிறார் என்றும் கூறினார். எதிர்க்கட்சி ஆசனங்களிலிருந்து இனவாதி என்ற கூச்சல் எழுந்தது. சபைக்குள் பேசுவதற்குச் சிறப்புரிமை உண்டு. அவதூறு வழக்குத் தொடர முடியாது. பின்னர் பாதுகாப்பு அமைச்சர் மைக்கல் ஃபாலன் இதே கூற்றைச் சபைக்கு வெளியிலும் கூறினார்.

அடுத்து நடந்ததை ஒரு நாடகாசிரியர் எழுதியிருந்தால் மிகை என்று சொல்லியிருப்போம். அந்த இமாம் கன்சர்வேட்டிவ் கட்சிக்காரர்களுடனும் நின்று படமெடுத்தவர். 2015 பொதுத்தேர்தலில் ரூட்டிங் தொகுதியில் சாதிக் கானுக்கு எதிராகப் போட்டியிட்ட கன்சர்வேட்டிவ் வேட்பாளரை ஆதரித்தவர். கோல்ட்ஸ்மித்துடன் சேர்ந்து நிற்கும் படமும் வெளிவந்தது. 2013 இல் ஒருபால் திருமணச் சட்டத்துக்கு ஆதரவாக வாக்களித்தமைக்காகத்தான் அவருக்கும் சாதிக் கானுக்கும் இடையில் முறிவே ஏற்பட்டிருந்தது. அந்த வாக்குக்காகச் சாதிக் கானுக்குக் கொலை மிரட்டல்களும் வந்திருந்தன. தேர்தல் முடிந்து சில தினங்களில், மே மாதத்தில், கமரூனும் ஃபாலனும் அந்த இமாமிடம் மன்னிப்புக் கோரினார்கள். மன்னிப்பு எப்போதும் வாக்குகள் எண்ணப்பட்ட பிறகுதான் வரும்.

ஏப்ரல் 28 இல் சாதிக் கானின் சொந்தக் கட்சியிலிருந்தே அவருக்கு ஒரு நெருக்கடி. முன்னாள் மேயர் கென் லிவிங்ஸ்டன், ஹிட்லரையும் சியோனிசத்தையும் தொடர்புபடுத்திக் கூறிய கருத்தால் யூத சமூகம் கொதித்தெழுந்தது. தேர்தலுக்கு ஒரு வாரமே இருந்தது. சாதிக் கான் உடனடியாக லிவிங்ஸ்டனுக்கு எதிராக நடவடிக்கை எடுக்குமாறு பகிரங்கமாகக் கோரினார். லிவிங்ஸ்டன் அன்றே கட்சியிலிருந்து இடைநிறுத்தப்பட்டார். ஆனால் மே 1 ஆம் திகதி 'மெயில் ஒன் சண்டே' பத்திரிகையில் கோல்ட்ஸ்மித்தின் பெயரில் ஒரு கட்டுரை வந்தது. பயங்கரவாதிகளைத் தன் நண்பர்களாகக் கருதும் கட்சியிடம் உலகின் மகத்தான நகரத்தை ஒப்படைக்கப் போகிறோமா என்பது அதன் தலைப்பின் சாரம். மீண்டும் கேள்விக்குறி! கட்டுரையுடன் 2005 ஜூலை 7 தாக்குதலில் சிதைந்த சிவப்பு பஸ்ஸின் படம் அச்சிடப்பட்டிருந்தது. 52 அப்பாவிகள் கொல்லப்பட்ட நாள் அது. தலைப்பும் படமும் வழமையாக ஆசிரியபீடத்தின் வேலை என்பதை நான் அறிவேன். ஆனாலும் லண்டன் பஸ்ஸை ஓட்டிப் பிள்ளைகளை வளர்த்த ஒருவரின் மகனுக்கு எதிராக அந்தப் படம் பயன்படுத்தப்பட்டது என்பது நெஞ்சை உறுத்தியது. கன்சர்வேட்டிவ் கட்சியின் முன்னாள் இணைத்தலைவர் சீமாட்டி வார்சியே, இது தான் அறிந்த ஸக் கோல்ட்ஸ்மித் அல்ல என்று கூறினார்.

இங்கே தமிழர்களாகிய எம்மைப் பற்றி ஒன்று சொல்லாமல் விடமுடியாது. 2009 ஏப்ரலில் பாராளுமன்றச் சதுக்கத்தில் 23 நாட்கள் உண்ணாவிரதம் இருந்த தமிழ் இளைஞரை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் 'டெய்லி மெயில்', 'சன்' ஆகிய பத்திரிகைகள் அவர் கள்ளத்தனமாக பர்கர் வரவழைத்து உண்டார் என்று எழுதின. பொலிஸார் கமராவில் கண்டதாகவும் சொல்லப்பட்டது. அப்படியொரு காட்சிப் பதிவே கிடையாது. அவர் வழக்குத் தொடர்ந்தார். 2010 ஜூலையில் இரு பத்திரிகைகளும் மன்னிப்புக் கோரி மொத்தமாக 77,500 பவுண் நட்டஈடு வழங்கின. இடைப்பட்ட மாதங்களில் அவரைச் சொந்தச் சமூகத்தவர்களே ஒதுக்கினார்கள் என்பதுதான் அந்தச் சம்பவத்தில் மிகவும் வேதனையானது. வதந்தியை எழுதியது ஆங்கிலப் பத்திரிகை. நம்பியது நாம். அதற்கு ஆறு ஆண்டுகள் கழித்து, இன்னொருவரைப் பற்றிய கதையை எமது வாசலுக்குக் கொண்டுவந்தார்கள்.

அந்த இன்னொருவர் ஒரு முஸ்லிம் என்பதும் கவனத்துக்குரியது. தமிழ்–முஸ்லிம் உறவில் எமது மண்ணில் ஆழமான காயங்கள் உண்டு. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து பல்லாயிரக்கணக்கான முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். கிழக்கில் இரு தரப்பிலும் இரத்தம் சிந்தப்பட்டது. இந்தப் பின்னணியைப் பிரசார ஆலோசகர்கள் அறிந்திருந்தார்களா என்பது முக்கியமல்ல. எந்தச் சமூகத்துக்கு எந்த அயலவர் மீது சந்தேகம் உண்டு என்று தேடி, அதன் மீது வாக்குக் கேட்கும் முறை அப்படியான காயங்களையே நம்பியிருக்கிறது. பாகிஸ்தானியர் மீது இந்தியருக்கு, முஸ்லிம் மீது தமிழருக்கு என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். நாடு விட்டு நாடு வந்தவர்கள் தத்தமது பகைமைகளையும் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்திருப்பார்கள் என்பது அந்தக் கணக்கின் அடிப்படை. முற்றிலும் தவறான ஊகம் என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்ல என்னால் முடியவில்லை.

சட்டம் இதைத் தடுக்காதா என்று வாசகர்கள் கேட்கலாம். பிரித்தானியாவின் 1983 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 106 ஆம் பிரிவு, வேட்பாளரின் தனிப்பட்ட நடத்தை பற்றித் தேர்தல் காலத்தில் பொய்யான தகவலைக் கூறுவதைத் தண்டனைக்குரியதாக்குகிறது. அதன் கீழ்த்தான் 2010 இல் ஓல்டாம் கிழக்கு மற்றும் சடில்வேர்த் தொகுதியில் வெற்றிபெற்ற முன்னாள் அமைச்சர் ஃபில் வூலாஸ் தனது பதவியை இழந்தார். முஸ்லிம் தீவிரவாதிகளின் ஆதரவைத் தனது எதிராளி நாடுகிறார் என்று அவர் துண்டுப்பிரசுரம் வெளியிட்டிருந்தார். அவர் தொழிற்கட்சிக்காரர் என்பதையும் குறிப்பிடவேண்டும். லண்டனிலேயே, டவர் ஹம்லட்ஸ் நகரசபை மேயராக 2014 இல் தெரிவான லுத்பூர் ரஹ்மானின் வெற்றி 2015 ஏப்ரலில் தேர்தல் நீதிமன்றத்தால் ரத்துச் செய்யப்பட்டது. பல முறைகேடுகளுடன், எதிர்வேட்பாளரை இனவாதி என்று பொய்யாகச் சித்திரித்ததும் காரணங்களில் ஒன்று. ஆகவே அவதூறு ஒரு கட்சிக்கோ ஒரு சமூகத்துக்கோ சொந்தமானதல்ல. ஆனால் அச்சட்டம் பொய்யான தகவலையே பிடிக்கும். கேள்விக்குறியைப் பிடிக்காது. 2016 பிரசாரத்தை வகுத்தவர்கள் அந்த வேறுபாட்டை நன்கு அறிந்திருந்தார்கள் என்றே நான் கருதுகிறேன்.

மே 5 வாக்களிப்பில் முதல் விருப்பு வாக்குகளில் சாதிக் கான் 44.2 சதவீதமும் கோல்ட்ஸ்மித் 35 சதவீதமும் பெற்றனர். இரண்டாம் விருப்பு வாக்குகளும் சேர்க்கப்பட்டபோது 13 இலட்சத்து 10 ஆயிரத்து 143 வாக்குகளுடன் சாதிக் கான் வெற்றிபெற்றார். கோல்ட்ஸ்மித்துக்கு 9 இலட்சத்து 94 ஆயிரத்து 614 வாக்குகள். அவதூறு தோற்றது என்று இதை உடனடியாக வியாக்கியானம் செய்வதில் எனக்குத் தயக்கம் உண்டு. லண்டன் பொதுவில் தொழிற்கட்சிக்குச் சாதகமான நகரம். கருத்துக்கணிப்புகளும் தொடக்கத்திலிருந்தே சாதிக் கானுக்கு முன்னிலை கொடுத்தன. ஆயினும் 2008 இலும் 2012 இலும் இதே நகரம் பொரிஸ் ஜோன்சனைத் தெரிவுசெய்தது என்பதையும் மறக்கலாகாது. கன்சர்வேட்டிவ் கட்சிக்குள்ளிருந்தே கண்டனங்கள் எழுந்தன. லண்டன் சபையில் அக்கட்சியின் தலைவராக முன்னர் இருந்த ஆண்ட்ரூ பொஃப், முஸ்லிம் சமூகத்துடன் கட்டியெழுப்பிய பாலங்களை இந்தப் பிரசாரம் தகர்த்துவிட்டது என்றார். ஜெமிமாவும் தன் சகோதரனின் பிரசாரம் அவரது உண்மையான இயல்பைப் பிரதிபலிக்கவில்லை என்று வருந்தினார்.

பயத்தைவிட நம்பிக்கையையும் பிரிவினையைவிட ஒற்றுமையையும் லண்டன் தெரிவுசெய்துள்ளது என்பது சாதிக் கானின் வெற்றியுரையின் சாரம். மே 7 இல் சதர்க் பேராலயத்தில், பல மதத்தவர்களும் கூடியிருக்கப் பதவியேற்றார். அடுத்த நாள் பார்னட்டில் நடைபெற்ற யூத இனப்படுகொலை நினைவு நிகழ்வில் கலந்துகொண்டார். மேயராக அவர் பங்கேற்ற முதலாவது பொதுநிகழ்வு அதுவே. தேர்தல் முடியும்வரை அடக்கிவைத்திருந்ததை அதன் பிறகே எழுதினார். இன, மதக் குழுக்களை ஒன்றுக்கொன்று எதிராகத் திருப்புவது டொனால்ட் ட்ரம்பின் பாணி என்று ஒரு பத்திரிகைக் கட்டுரையில் கமரூனையும் கோல்ட்ஸ்மித்தையும் சாடினார்.

அவரைப் பற்றிய வதந்திகள் அத்துடன் நின்றுவிடவில்லை. 2023 நவம்பரில், போர்வீரர் நினைவுதினத்தை அவமதித்துப் பேசுவதுபோல் அவரது குரலில் ஒரு ஒலிப்பதிவு சமூக ஊடகங்களில் பரவியது. செயற்கை நுண்ணறிவால் தயாரிக்கப்பட்ட போலி அது. அதை ஆராய்ந்த பொலிஸார் குற்றம் எதுவும் நிகழவில்லை என்ற முடிவுக்கு வந்தனர். 1983 இல் எழுதப்பட்ட சட்டத்துக்கு இப்படியொரு பொருள் உலகில் வரும் என்று எப்படித் தெரியும்? 2024 பெப்ரவரியில் கன்சர்வேட்டிவ் பாராளுமன்ற உறுப்பினர் லீ அண்டர்சன், இஸ்லாமியவாதிகள் சாதிக் கானைத் தமது கட்டுப்பாட்டில் வைத்திருக்கின்றனர் என்று தொலைக்காட்சியில் கூறினார். மன்னிப்புக் கேட்க மறுத்ததால் கட்சி அவரைப் பாராளுமன்றக் குழுவிலிருந்து இடைநிறுத்தியது. இது 2016 இல் நடந்திருக்காது. 2021 இலும் 2024 இலும் சாதிக் கான் மீண்டும் மேயராகத் தெரிவானார்.

2025 செப்டெம்பரில் ட்ரம்ப் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் உலகத் தலைவர்கள் முன்னிலையில், லண்டன் ஷரியாச் சட்டத்தை நோக்கிச் செல்கிறது என்றும் அதன் மேயர் பயங்கரமானவர் என்றும் பேசினார். மறுநாள் சாதிக் கான், ட்ரம்ப் ஓர் இனவாதி, பெண்களை வெறுப்பவர், இஸ்லாமிய வெறுப்பாளர் என்று செய்தியாளர்களிடம் நேரடியாகச் சொன்னார். சுற்றிவளைப்போ, வருத்தமோ, பஸ் சாரதியின் கதையோ அதில் இருக்கவில்லை. 2016 வசந்த காலத்தில் அவர் இப்படிப் பேசியிருக்க முடியுமா என்பது எனக்குச் சந்தேகமே. அப்போது அவர் வாக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். கோபப்படும் முஸ்லிம் ஒருவரின் படத்துக்காக அத்தனை கமராக்களும் காத்துக்கொண்டிருந்தன.